புரண்டால் சுற்றல், கரையேறினால் மயக்கம்

கேள்வி: வயது 47. பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து பாசி எடுக்கப் போகிறேன். பத்து நாளாகப் படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் வீடே சுற்றுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடும். நேற்று கடலைவிட்டுக் கரையேறியதும் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். காலையில் பிரஷர் மாத்திரை போடுகிறேன். பித்தம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பித்தம் இல்லை அம்மா. இரண்டையும் தலைசுற்றல் என்றே சொல்கிறோம், ஆனால் உங்களுக்கு இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வருவதாகத் தெரிகிறது.

புரளும்போது வருவது பெரும்பாலும் காதுக்கோளாறு. உள்காதில் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புக் கற்கள் உண்டு. அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்தால், தலை அசையும்போதெல்லாம் உருண்டு சுற்ற வைக்கும். தலைசுற்றலுக்குத் தரும் பீட்டாஹிஸ்டின், சின்னரிசின் மாத்திரைகள் கல்லை நகர்த்தாது. நகர்த்த வேண்டியது தலையை அசைத்துத்தான். காது மூக்கு தொண்டை மருத்துவர் உங்களைச் சாய்த்து, கருவிழி துடிப்பதைப் பார்த்து எந்தக் காது என்று உறுதி செய்வார். கீழே சொல்லும் பயிற்சியை முதல் தடவை அவர் முன்னால் செய்யுங்கள்.

வலக்காது என்றால்: கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, தோளுக்கு வரும்படி பின்னால் தலையணை வையுங்கள். தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாயுங்கள். தலை தலையணைக்கு அப்பால் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். சுற்றும், பயப்படாதீர்கள். 30 விநாடி, அதன் பிறகும் சுற்றினால் நிற்கும்வரை இருங்கள். தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி 30 விநாடி. பிறகு உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து, முகம் தரையைப் பார்க்க 30 விநாடி. அப்படியே இடப்பக்கமாக எழுந்து உட்காருங்கள். பலரும் கெடுப்பது நடுவில் தலையைத் தூக்கித்தான். கல் வந்த வழியே திரும்பிவிடும். கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தால் தானாகச் செய்யக்கூடாது.

கரையில் கண் இருட்டியது பிரஷர் இறங்கியதால் இருக்கலாம். தண்ணீருக்குள் கடல் காலை அமுக்கி ரத்தத்தை மேலே தள்ளும். சிறுநீரும் கூடுதலாகப் பிரியும். வெளியே வந்ததும் அந்த அமுக்கம் போய், ரத்தம் காலில் தங்கிவிடும். வெறும் டீயோடு இறங்கி, மாத்திரையும் போட்டு, உச்சி வெயிலில் ஏறினால் கேட்கவே வேண்டாம். ஐந்து நிமிடம் படுத்துப் பிரஷர் பாருங்கள். எழுந்து நின்று 1, 3 நிமிடங்களில் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதுதான் காரணம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நேரத்தையோ அளவையோ மாற்றலாமா என்று எழுதித் தந்த மருத்துவரிடம் கேளுங்கள். இறங்குமுன் சாப்பிட்டு, இரண்டு டம்ளர் நீராகாரம் குடியுங்கள்.

சுற்றல் அடங்கும்வரை முங்கவே கூடாது. நீருக்குள் சுற்றினால் மேல் எது, கீழ் எது என்று தெரியாது.

வாய் குழறல், முகக்கோணல், ஒரு கை கால் சோர்வு, இரட்டைப் பார்வை, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமை, நெஞ்சுவலி, இதில் ஒன்று சேர்ந்து வந்தாலும் 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. பாலம் தாண்டி ராமநாதபுரம் போகவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். திடீரென ஒரு காது கேட்காமல் போனாலும் அன்றைக்கே காட்டுங்கள்.