விறகுக்குச் செயின் சோ (மரம் அரியும் மெசின்) வாங்கப் போகிறீர்களா? தரகர் கொண்டுவரும் மெசினைத் தொடாதீர்கள்

கேள்வி: வன்னியில் விசுவமடுவுக்குக் கிட்ட இரண்டு ஏக்கர் காணி. நெல் அவித்துப் புழுங்கல் அரிசி விற்கிறேன். கார்த்திகைக் காற்றில் ஒரு நாவலும் இரண்டு வேம்பும் சாய்ந்து கிடக்கின்றன. தலையில்லாத பனை இரண்டு நிற்கிறது. விறகு விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா குளிர்காலத்துக்கு வீடு சூடாக்கத் தானே விறகு அரிகிறவர், 20 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீள அலகு) உள்ள பெரிய மெசினாக எடு என்கிறார். டவுன் கடையில் 58 சீசீ சைனா மெசின் மலிவாகக் கிடக்கிறது. ஊரில் ஒருவர் பாவித்த ஸ்டில் (Stihl) கொம்பனி மெசின் ஒன்றைப் பாதி விலைக்கு எடுத்துத் தருகிறேன் என்கிறார். மகனுக்கு 19 வயது, அவன்தான் அரிவான். எதை வாங்க?

பதில்: மூன்றும் வேண்டாம், தங்கச்சி. 40 முதல் 45 சீசீக்குள், 16 அங்குல பார், ஏஜென்சிக் கடையில் புதிதாக, பில்லோடு. உங்கள் வேலைக்கு அது போதும். ஆனால் இதோடு நான் நிறுத்தினால் அடுத்த கிழமையே ஒருவர் உங்கள் படலையில் வந்து நின்று மனதை மாற்றிவிடுவார். அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அண்ணா சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. அங்கே ஒரு குளிர்காலத்துக்கு வீட்டுச் சுவர் உயரத்துக்கு விறகு அடுக்க வேண்டும். மேப்பிள், பேர்ச் என்று பருத்த மரங்களை லொறிக் கணக்கில் அரிந்து, பிளந்து, ஒரு வருடமாவது காயவிட்டுத்தான் எரிப்பார்கள். உங்களுக்கு வேண்டியது நெல் அவிக்கும் பரலுக்குக் கீழே தள்ள ஒன்றரை அடிக் கட்டை. 16 அங்குல பாரால் ஒரு பக்கம் அரிந்து மற்றப் பக்கமும் வந்தால் இரண்டு அடிக்கு மேல் பருத்த மரமும் துண்டாகும். நீளமான பார் என்றால் பாரம் கூட. அரிகிறவன் காணாத பக்கத்தில் அதன் மூக்கு மண்ணையோ கல்லையோ தொடும். சித்திரை வெயிலில் அரை மணித்தியாலம் தூக்கிப் பார்த்தால் அந்தப் பாரம் தெரியும்.

கடையில் கிடக்கும் 58 சீசீ மெசினைப் பற்றி: ஸ்டிக்கரில் 58 என்று இருப்பதால் உள்ளேயும் 58 என்று நம்ப வேண்டாம். அதே அளவு பிஸ்டன் போட்ட மெசினை 52 என்றும் 58 என்றும் ஒட்டி விற்பதைக் கண்டிருக்கிறேன். சைனா என்பதற்காக நான் கழிக்கவில்லை, பெயர்பெற்ற கொம்பனிகளுக்கும் அங்கே தொழிற்சாலை உண்டு. கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இந்த மெசினுக்குச் செயின், பார், கிளச், காபரேற்றர் நாலையும் இப்ப மேசையில எடுத்து வையுங்கோ." வைத்தால் பேசலாம். "ஓடர் பண்ணித் தருவம்" என்றால் வெளியே வாருங்கள். ஒரு கிளச் ஸ்பிரிங் இல்லாமல் மாதக்கணக்கில் கோழிக்கூட்டுக்கு மேல் கிடந்த மெசின்களை என் கறாச்சுக்கு எத்தனை பேர் கொண்டுவந்திருக்கிறார்கள்!

பற்றரியில் ஓடும் சின்ன மெசினில் 48, 88 வோல்ட் என்று ஒட்டியிருப்பார்கள். பற்றரியைக் கழற்றினால் உள்ளே ஐந்து செல். ஐந்து செல்லைத் தொடுத்தால் முழுதாய் ஏற்றினாலும் 21 வோல்ட்தான். முருங்கைக் கொப்பு வெட்டலாம், நாவலைத் தொடாது.

இனி அந்தப் பாவித்த ஸ்டில். இதில்தான் எனக்குப் பயம். ஊரில் ஒருவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அவருடைய மெசின் என்று எழுதவில்லை. அவர் தரகர்.

செயின் சோ வைத்திருப்பவர் அதைப் பதிய வேண்டும் என்று 2019 இல் கட்டாயமாக்கினார்கள். நாங்களும் மெசினைத் தூக்கிக்கொண்டு பொலிஸுக்குப் போய்ப் பதிந்தோம். பதிந்த மெசினுக்குத் தாள் இருக்கும், தாளில் மெசினின் நம்பர் இருக்கும். பாதி விலைக்கு வரும் மெசினுக்குப் பெரும்பாலும் இரண்டும் இராது. போன வருடம் ஒருவர் என்னிடம் ஒன்றைத் திருத்தக் கொண்டுவந்தார். நம்பர் அடித்திருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினேன், கண்ணாடி போல வழுவழு என்று இருந்தது. கிரைண்டர் பிடித்துத் தேய்த்து, மேலே அதே நிறத்தில் பெயின்ற் அடித்திருந்தார்கள். அப்படிப்பட்ட மெசின் எங்கே நின்று வேலை செய்திருக்கும் என்று வன்னியில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. காட்டில் களவாகத் தறித்த முதிரை, பாலை மரங்கள் இரவில் எந்த வழியால் போகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். காட்டுக்குள் அகப்படப் போகிற மெசினை முதலாளி முந்தி விற்றுவிடுகிறார். பிடிபடும் நாளில் யாருடைய கையில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மகனுக்கு 19 வயது. அவன் பெயரில் ஒரு வழக்கு எழுதப்படுவதை நினைத்துப் பாருங்கள்.

தாள் இருந்தாலும் அவசரப்படாதீர்கள். தரகர் மெசினைச் சூடாக்கிக்கொண்டுதான் வருவார். சூட்டில் எந்தப் பழுதான மெசினும் ஒரு இழுவையில் ஸ்டார்ட் ஆகும். "விடிய நான் வாறன், குளிர்ந்த மெசினை இழுத்துக் காட்டுங்கோ" என்று சொல்லுங்கள். சைலன்சரைக் கழற்றினால் பிஸ்டன் தெரியும். நெடுக்காகக் கீறல் விழுந்திருந்தால் பெரும்பாலும் ஒயில் கலக்காமல் ஓடிய மெசின், அதற்குக் காசு கொடுக்கக் கூடாது. செம்மஞ்சளும் வெள்ளையுமாக இருந்து ஸ்டில் என்று எழுதியிருப்பதெல்லாம் ஸ்டில் அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு தரகர் எனக்கே பங்கு தருவதாகச் சொன்னார், "நல்ல மெசின் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ, போதும்" என்று. ஆகவே அவர் கூட்டிவரும் மெக்கானிக்கின் சொல்லையும் நம்ப வேண்டாம்.

மெசின் சரி. மரத்தைத் தொட முன் தாள் வேலை ஒன்று இருக்கிறது.

வேம்பும் நாவலும் உங்கள் காணியில் தானாகச் சாய்ந்தவை. கிராம அலுவலருக்கு ஒரு சொல் சொல்லிவிட்டு அரியுங்கள். பனைதான் சிக்கல். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. பெண்பனைக்குத்தான் சட்டம், ஆண்பனைக்கு அல்ல. ஷெல்லில் தலை போன பனை ஆணா பெண்ணா என்று எப்படிச் சொல்வது? பாளையும் இல்லை, காயும் இல்லை, கரிக்குற்றி போல நிற்கிறது. என் உறவினர் ஒருவர் இப்படி ஒரு பனைக்கு அனுமதி கேட்டுப் போனார். அதே கேள்வியைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை காணி உறுதி கேட்டார்கள். அதற்கடுத்த முறை வந்து பார்க்க வேண்டும் என்றார்கள், வாகனம் இல்லை என்றார்கள். நாலு மாதம் போனது. பட்ட பனை அது! யுத்தத்தில் தலை இழந்து பத்து வருடத்துக்கு மேல் நின்றதற்கு ஆண், பெண் பார்க்க ஒரு அதிகாரியும் ஒரு வாகனமும் வேண்டும் என்றால், காட்டுக்குள் நிற்கும் பச்சை முதிரைக்கு யார் காவல்? கடைசியில் பக்கத்துக் காணிக் கிழவி ஒருவர் வந்து, "அதிலதான் நாங்கள் சின்னனில பனம்பழம் பொறுக்கினாங்கள்" என்று சொன்ன பிறகுதான் பெண்பனை என்று எழுதி அனுமதி கொடுத்தார்கள். நீங்களும் ஊரில் வயதானவர் ஒருவரைக் கேட்டு வையுங்கள். அந்தப் பனையில் நுங்கு வெட்டிய ஞாபகம் யாருக்காவது இருந்தால் பெண்பனை என்றே எழுதிக் கேளுங்கள். ஞாபகம் இல்லை என்பதற்காக ஆண் என்று நீங்களே முடிவெடுத்துத் தறிக்க வேண்டாம்.

அந்தப் பனைகளை மகன் தறிக்கவும் கூடாது. தலை போன பனையில் மழைத் தண்ணீர் இறங்கி உள்ளே சோத்தி உக்கியிருக்கும். வெளியே வைரம், உள்ளே வெறும் தூள். அடியில் வாள் வைக்கும்போது அதிர்ந்து மேல்பாதி முறிந்து நேரே கீழே வரும். அனுமதி வந்த பிறகு, பனை தறித்துப் பழகிய ஒருவரைக் கூலிக்குப் பிடியுங்கள்.

இன்னொன்று, எந்த மெசின் புத்தகத்திலும் இது இல்லை. எங்கள் மரங்களுக்குள் இரும்பு இருக்கிறது. 2009 இல் யுத்தம் முடியும்வரை அந்தப் பக்கம் நின்ற மரம் ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். துப்பாக்கிச் சன்னமும் ஷெல் துண்டும் உள்ளே போன காயத்தை மரம் மூடி வளர்ந்திருக்கும். வெளியே ஒரு புடைப்பு, பட்டையில் ஒரு சுழி, அவ்வளவுதான் தெரியும். அரிந்த முகத்தில் நீலமும் கறுப்புமாக மை ஊறினாற்போல் கறை கண்டால் உடனே நிறுத்துங்கள், அருகில் இரும்பு இருக்கிறது. அந்த இடத்தில் இருந்து ஒரு அடி தள்ளி அரியுங்கள், நடுத்துண்டை அப்படியே விடுங்கள். வேலியோரத்து மரம் என்றால் முள்ளுக்கம்பியையும் ஆணியையும் விழுங்கியிருக்கும். பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) மேல் அடுக்கிய பழைய குற்றிகள் காணியில் கிடந்தால் அவற்றைக் கோடரியாலேயே கொத்துங்கள், மண் ஏறிய குற்றி புதுச் செயினை ஐந்து நிமிடத்தில் மொட்டையாக்கும். துண்டு இல்லாமல், வெடிக்காத ஷெல் போல முழு உருவமாக ஏதாவது கண்ணில் பட்டால், மரத்துக்குள் என்றாலும் மண்ணுக்குள் என்றாலும், தொடாமல், தட்டிப் பார்க்காமல் விலகி வந்து பொலிஸுக்குச் சொல்லுங்கள். அந்தக் கட்டையை ஒருபோதும் அடுப்புக்குள் வைக்க வேண்டாம்.

ஒயில் இரண்டு வகை, கலந்து குழப்பக் கூடாது. பெற்றோலுக்குள் டூ ஸ்ட்ரோக் ஒயில்: ஸ்டில் மெசினுக்கு அந்தக் கொம்பனியின் ஒயில் என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், வேறு ஒயில் என்றால் 40; மற்ற மெசினுக்கு அதன் புத்தகத்தைப் பாருங்கள். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். செயினுக்கு வேறு ஒயில், வேறு தாங்கி. கழிவு ஒயில் ஊற்றச் சொல்வார்கள், ஊற்றாதீர்கள். அதில் இரும்புத் தூள் இருக்கிறது, பம்பைத் தின்னும், கையில் முகத்தில் தெறித்தால் உடம்புக்கும் கேடு.

மெசினோடு சேர்த்து ஒரு மேலதிகச் செயினும், செயினுக்குப் பொருந்தும் வட்ட அரமும் வாங்குங்கள். இந்த அளவு மெசினில் பெரும்பாலும் 0.325 அங்குலச் செயின் வரும், அதற்கு 4.8 மில்லிமீற்றர் அரம். தீட்ட வேண்டிய நேரம் எப்போது என்பதைக் கீழே விழும் தூளைப் பார்த்து அறியலாம். தேங்காய்த் துருவல் போல விழுந்தால் கூர் இருக்கிறது. மாப்போல விழுந்தால் நிறுத்தித் தீட்டுங்கள். மொட்டைச் செயினை அழுத்தி அரிகிறவன்தான் காயப்படுகிறான்.

மகனிடம் இதைக் காட்டுங்கள். பாரின் மூக்கு மேல்பக்கம் எதிலாவது பட்டால் மெசின் ஒரு நொடிக்குள் முகத்துக்கு உதைக்கும். முன்னால் இருக்கும் கைக்காப்பை முன்னுக்குத் தள்ளினால் செயின் நிற்க வேண்டும், கடையிலேயே அதைப் பரிசோதித்து வாங்கச் சொல்லுங்கள். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. சாரமும் செருப்பும் வேண்டாம், தடித்த காற்சட்டையும் சப்பாத்தும், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் காப்பு. தனியாக நின்று அரியக் கூடாது.

முதல் நாள் வேப்பங்கொப்புகளில் தொடங்கட்டும். கை பழகிய பிறகு வேப்பந்தண்டு, அதற்குப் பிறகு நாவல். பனை இரண்டும் அனுமதி வரும்வரை நிற்கட்டும்.