அறிவுத் தெய்வத்துக்குப் பூசாரியாகும் சடங்கு: வெறும் ஓலையைக் கொடுங்கள்

தம்பி, மட்டக்களப்புக் கல்லடியில் கூட்டாளிமாரோடு, ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும் பகடைக் கதை விளையாட்டில், நீங்கள் உருவாக்கிய அறிவுத் தெய்வத்துக்குப் பூசாரியாகும் சடங்கு "சோதனை எழுதுற மாதிரிச் சப்பென்று போகுது" என்று கேட்டிருந்தீர்கள். கேள்வி பதிலைத் தூக்கிவிடுங்கள்.

எழுத்தாணியால் கீறிய எழுத்து ஓலையில் லேசில் தெரியாது. கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசித் துடைத்தால்தான் கீறலுக்குள் மை தங்கி எழுத்துத் துலங்கும். ஆகவே சடங்கை நடத்தும் குரு, எழுத்துக் கீறி மை பூசாத ஓர் ஓலையை நீட்டி "வாசி" என்று மட்டும் சொல்லட்டும். பக்கத்தில் புகைக்கரி படிந்த விளக்கு, கொஞ்சம் எண்ணெய். விரலால் தடவிப் பார்க்கிறவன் கண்டுபிடிப்பான். பகடை உருட்ட விடாதீர்கள். துலங்குவது அவனுடைய பாத்திரம் இதுவரை மறைத்த பொய்யாக இருக்கட்டும். உரத்து வாசிப்பானா, துடைப்பானா? துடைத்தாலும் கீறல் போகாது!

உங்கள் பக்கத்துக் கோயில்களில் நடக்கும் கண்ணகி அம்மன் சடங்கிலிருந்து எதையும் அப்படியே எடுக்க வேண்டாம். உங்கள் கூட்டத்திலேயே யாராவது முகம் சுளிப்பார்கள். விசயதசமிக்கு ஏடு தொடக்குவதுபோல அரிசியில் முதல் எழுத்து எழுத வைப்பது பரவாயில்லை.

அப்புறம், ஓலை கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகுதிரியால் எழுதி, மேலே நீர்ச்சாயம் பூசக் கொடுங்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது.