ரிசப்ஷனிலிருந்து டெஸ்டிங் வேலைக்குப் போக முடியுமா?

கேள்வி: பி.காம். படித்தேன், வயது 28. கோவையில் ஓர் ஓட்டலில் ஐந்து வருடமாக ரிசப்ஷனில் இருக்கிறேன். ஐ.டி.க்கு மாற ஆசை. 80,000 ரூபாய் கட்டினால் ஆறு மாதத்தில் வேலை நிச்சயம் என்கிறது ஒரு பயிற்சி நிறுவனம். வேலையை விட்டுவிட்டுச் சேரலாமா?

பதில்: வேலையை விடாதீர்கள். பணமும் இப்போது கட்ட வேண்டாம். 'வேலை நிச்சயம்' என்பதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் நேர்காணலுக்கு அனுப்பிவைப்பதோடு அந்த வாக்குறுதி முடிந்துவிடும்.

உங்களுக்கு நான் சொல்வது மென்பொருள் டெஸ்டிங் (மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதிப்பது), அல்லது அப்ளிகேஷன் சப்போர்ட் (மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு வரும் கோளாறுகளைத் தீர்த்துவைப்பது). காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. இந்த மாற்றம் பில்லிங் மென்பொருளில் சரியாக வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? 7,500-க்கு ஒரு பில், 7,501-க்கு ஒரு பில் போட்டுப் பார்ப்பீர்கள். டெஸ்டிங் பாடத்தில் இதற்கு 'பவுண்டரி வேல்யூ' என்று பெயர். அப்புறம், 8,000 ரூபாய் அறையைத் தள்ளுபடியில் 7,200-க்குக் கொடுத்தால் எந்த வரி விழுகிறது? 21-ம் தேதி வந்து தங்கியவர் 23-ம் தேதி செக்-அவுட் செய்தால்? இந்தக் கேள்விகள் கவுன்ட்டரில் நின்று பில் போட்டவருக்குச் சட்டென்று தோன்றும். புதிதாகக் கல்லூரி முடித்து வருபவருக்கு அவ்வளவு எளிதில் தோன்றாது. ஓட்டல் மென்பொருள் செய்யும் நிறுவனங்களுக்கு இந்த அனுபவம் உண்மையிலேயே தேவை.

படிக்க வேண்டியது அதிகமில்லை. டெஸ்ட் கேஸ் (எதைச் சோதிக்க வேண்டும், என்ன விடை வர வேண்டும் என்ற குறிப்பு) எழுதுவது, பிழையை அடுத்தவருக்குப் புரியும்படி பதிவு செய்வது, எஸ்.கியூ.எல். (தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுக்கும் மொழி), கொஞ்சம் போஸ்ட்மேன் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறுவதைச் சோதிக்கும் கருவி). ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகவே படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். டெஸ்டிங்குக்கான சர்வதேசச் சான்றிதழ் தரும் ஐ.எஸ்.டி.கியூ.பி. அடிப்படைத் தேர்வில் 40 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. நேரம் 60 நிமிடம். தேர்வு மொழி தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு 75. அந்தச் சான்றிதழ் மட்டுமே வேலை வாங்கித் தராது. ஓர் இலவச முன்பதிவுச் செயலியை எடுத்து நீங்களே சோதித்து, கண்ட பிழைகளைத் தேதியோடு, படிப்படியாக எழுதி வையுங்கள். நேர்காணலில் அதைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பார்கள். எஸ்.கியூ.எல். பழக உங்கள் ஓட்டல் விருந்தினர்களின் விவரங்களைத் தொடவே கூடாது. கற்பனைப் பெயர்களைப் போட்டு அட்டவணை உருவாக்குங்கள்.

தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், எட்டு மாதம் முதல் ஒரு வருடம் பிடிக்கலாம். முதல் சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறையவும் வாய்ப்புண்டு. வீட்டில் இதை முன்பே பேசிவிடுங்கள், ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஓட்டல் மென்பொருளில் கோளாறு வந்தால் யாரைக் கூப்பிடுகிறீர்கள்? அடுத்த முறை அந்த சப்போர்ட் ஆளிடம், அவர்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.