அலுவலக மெயில் சர்வருக்கும் ஹோஸ்டிங்குக்கும் நடுவே மெயில் காணாமல் போனால் எங்கே தேடுவது?

உங்கள் கேள்வி இதுதான்: முக்கிய டொமைனின் மெயில் அலுவலகத்திலேயே இருக்கும் சர்வரில் இருக்கிறது. வெப்சைட்டும் கிளை நிறுவனத்தின் டொமைனும் வெளியே வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங் சர்வரில். வெளியிலிருந்து யார் அனுப்பினாலும் வருகிறது. வெப்சைட் ஃபார்மில் எழுதுவதும் கிளை ஆட்கள் அனுப்புவதும் மட்டும் வருவதில்லை, பவுன்ஸும் ஆவதில்லை (அனுப்பியவருக்கே திரும்பிப் போவதும் இல்லை).

பவுன்ஸ் ஆகவில்லை என்பதுதான் துப்பு. மெயில் தொலையவில்லை, எங்கோ பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

மலேசியாவின் பிறை நகரில் ஒரு சரக்கு நிறுவனத்துக்குப் பல வருஷம் மெயில் சர்வர் பார்த்தவன் நான். அங்கேயும் இதே கதைதான். ஒரு நாள் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த வாடிக்கையாளர் நேரே முதலாளியிடம் போய், "மூணு தடவை உங்க வெப்சைட்ல எழுதிட்டேன், ஒரு பதிலும் இல்ல. வியாபாரம் வேணாமா?" என்று கேட்டுவிட்டார். முதலாளி என் பக்கம் திரும்பி, "தம்பி, மெயிலெல்லாம் ஓகேன்னு சொன்னியே?" என்றார். ஓகேதான், என் சர்வர் லாக்கில் அந்த மெயில் வந்த சுவடே இல்லை. மத்தியானச் சோற்றை மறந்து தேடி, கடைசியில் ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலில் வெப்மெயிலைத் திறந்தால், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பெட்டியில் 60க்கு மேற்பட்ட விசாரணைகள். முதலாவது மூன்று வாரம் பழசு.

நடந்தது இதுதான். வெளியாள் அனுப்பினால் அவருடைய சர்வர் டிஎன்எஸ் என்ற இணைய முகவரிப் புத்தகத்தில் உங்கள் எம்எக்ஸ் ரெக்கார்டைப் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு) பார்த்து, சரியாக அலுவலகத்துக்கு அனுப்பும். ஹோஸ்டிங் சர்வர் அதைப் பார்ப்பதே இல்லை. கணக்குத் திறந்த நாளிலேயே உங்கள் டொமைன் அதன் 'லோக்கல்' பட்டியலில் (மெயிலைத் தானே வைத்துக்கொள்ளும் டொமைன்கள்) ஏறிவிட்டது. அடுக்குமாடியில் நீங்கள் வீடு மாறி ஒரு வருஷம் ஆகியும், உள்ளே இருக்கிற ஒருவர் உங்களுக்குக் கடிதம் கொடுத்தால் காவலாளி உங்கள் பழைய கதவிடுக்கிலேயே செருகிவிட்டு வருவாரே, அந்த மாதிரி. பெட்டி இல்லாதிருந்தால் பவுன்ஸாவது ஆகியிருக்கும். சர்வர் மாற்றும் முன் உருவாக்கிய பழைய பெட்டிகளை நாங்கள் அழிக்காமல் விட்டிருந்தோம்.

உங்கள் ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனல் சிபேனல் என்றால் 'இமெயில் ரூட்டிங்' பக்கத்துக்குப் போய் அந்த டொமைனுக்கு 'ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்' (மெயில் வேறு சர்வரில் இருக்கிறது) என்று மாற்றுங்கள். 'ஆட்டோமேட்டிக்' என்றும் ஒன்று இருக்கும். நான் அதை நம்புவதில்லை, கையாலேயே தேர்ந்தெடுத்துவிடுவேன். பிறகு பழைய பெட்டிகளில் கிடக்கும் மெயிலை எடுத்துக்கொண்டு அந்தப் பெட்டிகளை அழித்துவிடுங்கள்.

இந்த இடத்தில் பலர் செய்யும் தப்பு: "அலுவலக லைன் போனால்?" என்று பயந்து ஹோஸ்டிங் சர்வரை இரண்டாவது எம்எக்ஸாக, அதாவது முதலாவது கிடைக்காதபோது மெயில் போகும் இடமாகப் போட்டுவைப்பது. அது வாங்கி அலுவலகத்துக்கு அனுப்பும்படி அமைக்கப்படாவிட்டால், வந்த மெயிலைத் தன் பெட்டியிலேயே போட்டுக்கொள்ளும், பழைய குருடி கதைதான். ஸ்பேம் அனுப்புகிறவர்களும் வேண்டுமென்றே இரண்டாவது எம்எக்ஸைத்தான் தேடிப் போவார்கள். லைன் ஒரு நாள் போனாலும் மெயில் தொலையாது. அனுப்பும் சர்வர்கள் பொதுவாக நாலைந்து நாள் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும்.

எதிர்த்திசைக்கு, அலுவலகத்திலிருந்து கிளைக்குப் போகும் மெயிலுக்கு, வருவோம். அலுவலக சர்வரில் கிளை டொமைனை எப்போதோ சேர்த்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். ஒரே டொமைனில் பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே என்றால்தான் சிக்கல். அலுவலக மெயில் சர்வர் மென்பொருள் எக்ஸ்சேஞ்ச் என்றால் அந்த டொமைனை 'ஆத்தரிடேட்டிவ்' (எல்லா முகவரியும் இங்கேதான்) நிலையிலிருந்து 'இன்டர்னல் ரிலே'க்கு (இங்கே இல்லாததை அடுத்த சர்வருக்கு அனுப்பு) மாற்றி, ஹோஸ்டிங் பக்கம் போக ஒரு சென்ட் கனெக்டர் போட வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் ட்ரான்ஸ்போர்ட் மேப்பில் (எந்த மெயில் எங்கே போக வேண்டும் என்ற பட்டியல்) எழுத வேண்டும். அதில் மறுபக்க சர்வரின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அடைப்புக்குறி இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கும் எம்எக்ஸ் தேடப் போகும். அந்த எம்எக்ஸ் உங்கள் சர்வரையே காட்டினால் மெயில் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும்.

இரண்டு பக்கமும் "எனக்குத் தெரியாத முகவரி என்றால் அடுத்தவனிடம் கொடு" என்று வைக்கவே கூடாது. நான் வைத்தேன். ஒருவர் முகவரியில் ஓர் எழுத்தை விட்டுவிட, அந்த மெயில் பிறைக்கும் ஹோஸ்டிங்குக்கும் பந்தாடப்பட்டது. போஸ்ட்ஃபிக்ஸின் 50 தாவல் (சர்வர் விட்டு சர்வர் போவது) எல்லையை எட்டிய பிறகுதான் 'டூ மெனி ஹாப்ஸ்' என்று செத்தது. "இல்லை" என்று முடிவாகச் சொல்லும் உரிமை ஒரு பக்கத்துக்குத்தான் இருக்க வேண்டும், அது எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்.

ரூட்டிங்கைச் சரிசெய்ததும் ஃபார்ம் மெயில் அலுவலக வாசல் வரை வந்து, அங்கே உங்கள் ஸ்பேம் ஃபில்டரிடம் அடிவாங்கலாம். பல ஃபார்ம்கள் வாடிக்கையாளரின் முகவரியையே அனுப்புநராகப் போடும். ஜிமெயில் முகவரி தாங்கிய மெயில் ஏதோ ஒரு ஹோஸ்டிங் ஐபியிலிருந்து வந்தால், எந்த சர்வர் எந்த டொமைன் பெயரில் அனுப்பலாம் என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனை எப்படிப் பாஸாகும்? அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியைப் போட்டு, வாடிக்கையாளர் முகவரியை 'ரிப்ளை டு'வில் வையுங்கள். அப்போது இன்னொரு வம்பு வரும்: "என் டொமைன் பெயரில் வெளியிலிருந்து மெயிலா, போலி!" என்று சர்வர் தடுக்கும். ஹோஸ்டிங் ஐபியை முழுசாக அனுமதித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், ஷேர்ட் ஹோஸ்டிங்கில் அதே ஐபியில் முன்பின் தெரியாத எத்தனையோ பேர் குடியிருக்கிறார்கள். ஃபார்முக்கென்று அலுவலக சர்வரில் தனிக் கணக்கு ஒன்று திறந்து, 587 போர்ட் (மெயில் அனுப்புவதற்கான சர்வர் வாசல்) வழியே பாஸ்வேர்டுடன் நேரடியாக அனுப்பச் செய்யுங்கள். நான் கடைசியில் வந்து சேர்ந்த வழி இதுதான். முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் அந்த 60 மெயிலும் ஒழுங்காக வந்திருக்கும்.

எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். ஹோஸ்டிங்காரர் கொடுத்த வரியை இரண்டாவது ரெக்கார்டாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரிக்குள் இணைக்க வேண்டும். உள்ளே டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டவும் கூடாது.

எல்லாம் முடித்த பிறகு நாலு சோதனை மெயில் போதும்: ஃபார்மிலிருந்து ஒன்று, கிளையிலிருந்து ஒன்று, அலுவலகத்திலிருந்து கிளைக்கு ஒன்று, வேண்டுமென்றே தப்பான முகவரிக்கு ஒன்று. வந்து சேர்ந்த மெயிலின் ஹெடரில் (மெயிலோடு வரும் மறைவான விவரங்கள்) 'ரிசீவ்ட்' வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் அது எந்த வழியாக வந்தது என்று தெரிந்துவிடும். நாலாவது மெயில் சில நிமிஷத்தில் பவுன்ஸ் ஆகவில்லையென்றால், ஹோஸ்டிங் வெப்மெயிலைத்தான் முதலில் திறந்து பாருங்கள்.