பாறையில் பெயர் எழுதிப் போனவர்கள்: அரமேயக் கிறுக்கல்கள் பற்றிக் கேள்வி பதில்

கே: சார், பழைய மேற்காசிய மொழியான அரமேயத்தில் பாறையிலும் சுவரிலும் கிறுக்கியவற்றில் பெரும்பாலும் வெறும் பெயர்கள்தானே இருக்கின்றன? இதில் அன்றாட வாழ்க்கை எங்கே இருக்கிறது?

ப: பெயரோடு அப்பா பெயரும் இருக்கும், கூடவே ஒரு வேண்டுதலும் வரும். எகிப்தின் சினாயில் வாதி முகத்தப் என்ற பள்ளத்தாக்குப் பக்கம் நபத்தேயர்கள் (பெட்ராவை ஆண்ட பழைய அரபு மக்கள்) 'இன்னார் மகன் இன்னார், நலம்' என்றும் 'நல்லபடி நினைக்கப்படட்டும்' என்றும் நூற்றுக்கணக்கில் செதுக்கியிருக்கிறார்கள். ராஜாக்களின் கல்வெட்டுகளில் இந்தச் சாதாரண மனிதர்களுக்கு இடமே கிடையாது. எனக்கு இவர்கள்தான் முக்கியம். ஈராக்கின் பழைய நகரமான ஹத்ராவில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: இவ்வழியே போகிறவர் தன்னை நல்லபடி நினைக்காமல் போனால் தெய்வங்களின் சாபம் வரட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்!

கே: சினாய்க் கிறுக்கல்களை எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலர்கள் எழுதியதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

ப: இல்லை. 6-ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்கிய கதை அது. 1840-இல் பேயர் என்ற ஜெர்மானியர் எழுத்தைப் படித்துக் காட்டியதும் அதற்கு ஆதாரம் இல்லாமல் போனது.

கே: கோயில் சுவரில் கிறுக்குவது தப்பாகத் தெரியவில்லையா அவர்களுக்கு?

ப: பக்தியாகவே தெரிந்திருக்கிறது. எகிப்தின் அபிடோஸ் கோயிலில், 'ஒசிரிஸ் முன்னிலையில் இன்னார் ஆசி பெறட்டும்' என்று எகிப்தியத் தெய்வத்தின் பெயரைச் சொல்லி அரமேயத்தில் எழுதியிருக்கிறார்கள். ஈராக்கில், அசீரியப் பேரரசின் பழைய தலைநகரான அசூர் கி.மு. 614-இல் அழிந்தது. ஆனாலும் கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் அங்கே வந்தவர்கள் கோயில் தளக்கல்லில் தங்கள் பெயரைக் கீறி, அதே அசூர் தெய்வத்தை வணங்கியிருக்கிறார்கள். பேரரசு போய் 800 வருஷம் கழித்தும் வழிபாடு நிற்கவில்லை. இதைச் சொல்வது அந்தக் கீறல்கள்தான்.

கே: அண்ணா, இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

ப: உண்டு. அரபிக்கடலில் ஏமனுக்குச் சொந்தமான சொகோத்ரா தீவின் ஹோக் குகையில் மரப்பலகை ஒன்று கிடைத்தது. சிரியாவின் பாலைவன நகரமான பல்மைராவின் அரமேயத்தில் அதை எழுதியவர் பெயர் அப்கர். தம்மூஸ் (ஜூலை) மாதம் 25 என்று தேதியும் போட்டிருக்கிறார்; ஆண்டு நம் கணக்கில் கி.பி. 258. தன்னை ஆசீர்வதிக்கவும், பலகையை அதே இடத்தில் விட்டுவிடவும் வாசிப்பவரைக் கேட்டுக்கொள்கிறார். அந்தக் குகைக்குள்ளேயே பிராமியில் எழுதிய இந்தியர்கள் ஏராளம். அதில் பருகச்சம், அதாவது இன்றைய பரூச், பெயரும் வருகிறது. குஜராத் கரையிலிருந்து கடலோடி வந்தவர்களும் பாலைவன நகரத்துக்காரரும் ஒரே இருட்டுக் குகையில் பெயர் விட்டுப் போயிருக்கிறார்கள்.