பழைய பேஸ் கிட்டார்: நெக்கைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

கேள்வி (திருகோணமலை உவர்மலை வாசகர்): வணக்கம் அண்ணா. கல்யாண வீடுகளில் வாசிக்கும் சிறிய குழு ஒன்றில் இருக்கிறேன். எழுபதுகளில் வந்த ஜப்பான் பேஸ் கிட்டார் என்று ஒருவர் ஒன்றை விற்க நிற்கிறார். தலையில் பெயர் எதுவும் இல்லை. நெக்கின், அதாவது விரல் வைக்கும் கழுத்தின், பின்தகட்டில் ஜப்பானில் செய்தது என்று மட்டும் இருக்கிறது. கேட்கும் விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபா. ஒரு ஜப்பான் ஆம்ப்பும் சும்மா தருகிறாராம். வாங்கலாமா? வாங்கினால் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்), பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் தங்கும் தகடு) இரண்டையும் மாற்றி, கறுப்பு நிறம் அடிக்க ஆசை.

பதில்: தம்பி, பழசு என்பதற்காக மட்டும் காசு கொடுக்காதீர்கள். ஃபெண்டர் கம்பனி பிரிசிஷன் பேஸை 1951-இலும் ஜாஸ் பேஸை 1960-இலும் கொண்டுவந்தது. 1965-இல் அந்தக் கம்பனி சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முந்திய ஃபெண்டர் என்றால் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் விலை உண்டு. நீங்கள் சொல்வது வேறு ரகம். அறுபது, எழுபதுகளில் ஜப்பான் தொழிற்சாலைகள் ஒரே கிட்டாரைப் பல இறக்குமதிக்காரரின் பெயர்களில் செய்து அனுப்பின. சிலது அருமையானது, சிலது விறகு. ஆகவே அது வாசிக்கிற நிலையில் இருக்கிறதா என்பதை வைத்தே விலை பேசுங்கள். கடையில் அதே காசுக்குப் புதிதாக என்ன கிடைக்கும் என்று முதலில் விசாரித்துவிட்டுப் போனால் பேரம் பேச வாய் வரும்.

போனதும் நெக்கைப் பாருங்கள். பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் பலகை பார்ப்பதுபோல நீளவாக்கில் பார்க்க வேண்டும். கயிறு முறுக்கினமாதிரித் திருகியிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அதைத் திருத்துகிற செலவு கிட்டாரை விடக் கூட வரும். வளைவு மட்டும் என்றால் பயமில்லை. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கடைசி ஃப்ரெட்டிலும் அமத்திப் பிடித்தால், நடுவில், ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கம், ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் நெக்கினுள் ஓடும் இரும்புக் கம்பியை, அதாவது ட்ரஸ் ராடை, இறுக்க வேண்டும். அதை இறுக்கும் நட் ஏற்கெனவே கடைசிவரை இறுக்கியிருந்தும் நெக் வளைந்தே நிற்கிறதா? அப்போதும் வேண்டாம். நட் சுற்றுகிறது என்று விற்பவரே உங்கள் முன்னால் கால் சுற்றுச் சுற்றிக் காட்டட்டும். மனிதர் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கும்.

அப்புறம் ஒரு அளவுநாடா. தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் சிறு கட்டையிலிருந்து (அதையும் நட் என்பார்கள்) 12-ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 34 அங்குலம் என்றால் வழக்கமான அளவு. 30 அங்குலம் வந்தால் குட்டை ரகம். அதற்கான கம்பியைத் தனியாகத் தேடி வாங்க வேண்டும்.

சத்தம் வராவிட்டால் உடனே பிக்கப் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வால்யூமை முழுதாகத் திறந்து, வயரின் மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு போதும். சுருளே அறுந்திருந்தால், மோட்டார் சுற்றுகிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கம்பி தலைமயிர் பருமன்தான்.

மாற்றங்களுக்கு வருவோம். மரத்தைக் குடையாத எதையும் செய்யுங்கள். பழைய பிக்கப்பின் நீள அகலத்தையும் ஸ்க்ரூ ஓட்டைகளின் தூரத்தையும் அளந்து, அதே குழியில் உட்காரும் பிக்கப்பாக வாங்குங்கள். பிரிட்ஜும் அப்படித்தான். பற்றரி போடும் ஆக்டிவ் சர்க்கியூட்டை உள்ளே பொருத்தக் குழி தோண்டுவதை விட, வெளியே காலடியில் வைத்துச் சத்தத்தைச் சீர்செய்யும் ப்ரீஆம்ப் பெட்டி நல்லது. நாளைக்கு வேறு பேஸ் வாங்கினாலும் அது கூட வரும்.

கழற்றிய பழைய சாமான்களை ஒரு பையில் போட்டு வையுங்கள். நான் ஒருமுறை மாற்றிய பிக்கப்பை வீடு கூட்டும்போது எறிந்துவிட்டேன். விற்கப் போன அன்று வாங்க வந்தவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். கறுப்பு நிறம் வேண்டாம் என்பது என் கட்சி. நல்ல பெயருள்ள கிட்டார் என்றால் விலையில் பெரும் பகுதி அந்த ஒரு வேலையில் போய்விடும். பெயரில்லாதது என்றால் நட்டம் குறைவு, ஆனால் பெயின்ற் அடிக்கும் காசுக்கு நல்ல கம்பி இரண்டு செற் வாங்கலாம்.

அந்தச் சும்மா ஆம்ப்பில்தான் ஆபத்து. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. பிளக்கை மட்டும் மாற்றிச் சொருகினால் புகை வரும். பின்பக்கத்தில் 100 வோல்ட் என்று இருந்தால், அதன் வாட்டைத் தாங்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோமர் விலையையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி (உப்புவெளி வாசகர்): மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பேஸ் 1966 ஃபெண்டர் என்கிறார். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: வால்யூம் குமிழின் கீழே, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ‘பொட்’ என்ற சிறு பாகத்தின் முதுகில் ஒரு எண் இருக்கும். 1376612 என்று இருந்தால் 137 என்பது சிடிஎஸ் என்ற தயாரிப்பாளரின் குறி, 66 வருடம், 12 வாரம். அதாவது அந்தப் பொட் 1966-இன் பன்னிரண்டாம் வாரம் செய்தது. அந்தப் பொட் முதலிலிருந்தே உள்ளே இருந்தது என்றால் கிட்டார் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது, பிந்தியதாக இருக்கலாம். பொட்டைப் பிறகு மாற்றியிருக்கவும் கூடும், அதனால் ஈயம் பிடித்த இடங்கள் பழசா, புதுசாக மினுங்குகிறதா என்றும் பாருங்கள். படம் எடுத்துவிட்டு மூடுங்கள். பார்த்து முடியும்வரை எதையும் மாற்ற வேண்டாம். கறள் பிடித்த ஸ்க்ரூவைக்கூட.

கேள்வி (திருக்கடலூர் வாசகர்): கடையில் பாவித்த பேஸ் வாங்கினேன். நெக் வெடிப்பை நிறம் பூசி மறைத்திருந்தார்கள். வீடு கடற்கரையில், கடற்காற்றால் வந்தது என்கிறார் கடைக்காரர்.

பதில்: கடற்காற்று பிரிட்ஜைக் கறள் பிடிக்கவைக்கும், கம்பியைத் தின்னும். மாரியில் மரம் ஊறும், கச்சான் காற்றில் காயும், நெக் அசையும். ஆனால் வெடிப்பின் மேல் நிறம் பூசாது. பற்றுச்சீட்டு, வெடிப்பின் படம் இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலில் கடைக்குப் போய் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் இலங்கையின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள். இந்தச் சபை 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தது. அந்தச் சட்டம் வியாபாரிகளைக் கேள்வி கேட்கவே உள்ளது. தாமதிக்காமல் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். அதுவரை கம்பிகளைத் தளர்த்தி வையுங்கள், வெடிப்பு நீளாமல் இருக்கும். நீங்களாகப் பசை ஊற்ற வேண்டாம், ஊற்றினால் கடைக்காரருக்குச் சொல்ல ஒரு கதை கிடைத்துவிடும்.