தட்டைக் கண்டாலே ஓடுகிறாள், என்ன செய்வது டாக்டர்?

கேள்வி: என் மகளுக்கு 2 வயது 2 மாதம். பிறக்கும்போது 2.7 கிலோ, ஒரு வயதில் 8 கிலோ, இப்போது 10.6 கிலோ. ஒரு வயது வரை கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டவள், இப்போது தட்டைப் பார்த்தாலே ஓடுகிறாள். செல்போனில் பாட்டு போட்டால்தான் வாய் திறக்கிறாள். அப்போதும் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்கிறாளே தவிர, விழுங்குவதில்லை. ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. சாப்பிடவில்லையே என்று நாளைக்கு நான்கு முறை பாட்டிலில் பால் கொடுத்துவிடுகிறேன். போனை வாங்கினால் தரையில் விழுந்து புரண்டு, தலையை முட்டிக்கொண்டு அழுகிறாள். தொண்டையில் சோறு அடைத்திருக்கும், தொக்கம் எடுத்து அதை வெளியே கொண்டுவர வேண்டும் என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டுப் பையன் இதே வயதில் 13 கிலோ இருக்கிறான். போன வாரம் பொறுக்க முடியாமல் முதுகில் அடித்துவிட்டேன். அழுதுகொண்டே வந்து என் காலையே கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பசி எடுக்க டானிக் ஏதாவது கொடுக்கலாமா?
வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: எடையை எழுதி அனுப்பினீர்களே, அது பெரிய உதவி. முதலில் அதையே பார்ப்போம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, 2 வயது 2 மாதப் பெண் குழந்தையின் நடுத்தர எடை சுமார் 11.9 கிலோ. 9.4 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடை குறைவு என்கிறோம். உங்கள் மகள் இந்த இரண்டுக்கும் நடுவில், தனக்கென்று ஒரு பாதையில் ஏறிக்கொண்டிருக்கிறாள். பிறந்தபோதும் சற்றுச் சிறியவள், ஒரு வயதிலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். மருத்துவர்கள் பார்ப்பது அந்தப் பாதையைத்தான். பக்கத்து வீட்டுப் பையனின் 13 கிலோவை வைத்து உங்கள் மகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

முதல் வருடத்தில் அவள் 5 கிலோவுக்கு மேல் எடை போட்டாள். அதே வேகத்தில் போனால் ஐந்து வயதில் 29 கிலோவில் நிற்பாள். உடம்பு அப்படி வளர்வதில்லை. இரண்டாவது வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோ, அதற்கப்புறம் வருடத்துக்கு இரண்டு கிலோ அளவில்தான் எடை கூடும். வளர்ச்சி நிதானமானால் பசியும் குறையும். ஒரு வயதில் வாங்கி வாங்கிச் சாப்பிட்ட பிள்ளை ஒன்றரை வயதில் முகத்தைத் திருப்புவது இதனால்தான். என்னிடம் வரும் அம்மாக்களில் பலர் இந்த இடத்தில்தான் பயந்து போகிறார்கள். பயத்தில் ஊட்டத் தொடங்கி, ஊட்டல் துரத்தலாகி, கடைசியில் அது போனில் போய் நிற்கிறது.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த நான்கு பாட்டில் பால். பாட்டிலுக்கு 200 மில்லி என்றாலும் 800 மில்லி ஆகிறது. அதில் மட்டும் ஏறத்தாழ 500 கலோரி இருக்கும். ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுகிறீர்கள் என்றால் இன்னும் 150 சேரும். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1000 கலோரிதான். பாதிக்கு மேல் பாலிலேயே போய்விட்டால், சோற்றுத் தட்டைப் பார்த்து அவள் ஏன் ஓடமாட்டாள்? அவள் சாப்பிடாமல் இல்லை. வயிறு காலியாவதற்குள் அடுத்த பாட்டில் வந்துவிடுகிறது.

பால் நல்லதுதான். ஆனால் அதில் இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம் கூடக் கிடையாது. இவளுக்கோ தினம் 8 மில்லிகிராம் வேண்டும். போதாததற்கு, மற்ற உணவிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் அதிகப்படியான பால் தடுக்கிறது. பால் குடித்தே வளரும் பிள்ளைகள் பலர் பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாலும் உள்ளே ரத்தசோகையோடு இருப்பார்கள். ரத்தம் குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும், எரிச்சல் கூடும். மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு தின்கிற பழக்கமும் வரும். உங்கள் மகளுக்கு ஹீமோகுளோபின் பரிசோதனை ஒன்று அவசியம் எடுங்கள். இந்த வயதில் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அப்படி இருந்தால் டாக்டர் எடைக்கு ஏற்ற அளவில் இரும்புச்சத்து மருந்து தருவார். அதைச் சொன்ன காலம் வரை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். மலம் கருப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பாட்டிலை நிறுத்துங்கள். பாலைச் சின்ன டம்ளரில் கொடுங்கள், நாள் முழுவதற்கும் சேர்த்து 400 மில்லிக்குள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கொடுக்காமல். இரவில் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டே தூங்குகிறாள் என்றால் முதலில் நிறுத்த வேண்டியது அந்த பாட்டில்தான். மேல்வரிசை முன்பற்கள் அரித்துப் போய், வலியால் மெல்ல மறுக்கும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அவள் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி வெள்ளைக் கோடோ பழுப்புக் கறையோ இருந்தால் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

காலை, மதியம், இரவு என மூன்று வேளை, நடுவில் இரண்டு சிறுதீனி. இடையில் தண்ணீர் மட்டும்தான். பிஸ்கட், ஜூஸ், ‘ஒரு வாய் மிக்சர்’ எதுவும் வேண்டாம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இரண்டரை, மூன்று மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். பசி வர அவ்வளவு நேரமாவது வேண்டும்.

அளவைப் பற்றித்தான் நம் வீடுகளில் பெரிய குழப்பம். இவளுக்கு ஒரு வேளைக்கு ஒரு இட்லியே போதுமானதாக இருக்கலாம். மதியம் இரண்டு, மூன்று மேசைக்கரண்டி சோறு, இரண்டு மேசைக்கரண்டி பருப்பு, கொஞ்சம் காய், அரை முட்டை என்று வைத்துப் பாருங்கள். முதலில் தட்டில் குறைவாகப் போட்டு, கேட்டால் இன்னும் போடுங்கள். குவித்து வைத்த தட்டைப் பார்த்தாலே பிள்ளைக்கு மலைப்பாக இருக்கும்.

தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, நீங்கள் சாப்பிடும்போது கூடவே உட்கார வையுங்கள். அவளுக்கென்று ஒரு சின்னத் தட்டு. கையால் பிசையட்டும், சிந்தட்டும், தலையில்கூடத் தடவிக்கொள்ளட்டும். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆனதும், சாப்பிட்டாளோ இல்லையோ, திட்டாமல் கெஞ்சாமல் தட்டை எடுத்துவிடுங்கள். என்ன உணவு, எப்போது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பது அவள் பாடு. முதல் மூன்று, நான்கு நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். ஒரு வேளை முழுக்கப் பட்டினி கிடந்தாளே என்று உங்கள் மனசு கேட்காது. ரத்தப் பரிசோதனையில் பெரிய குறை இல்லாத, ஓடியாடும் பிள்ளை ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அடுத்த வேளை வரை அந்தப் பசியை விட்டுவையுங்கள், அதுதான் மருந்து. அப்போது மனம் இளகி ஒரு பாட்டிலை நீட்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இரும்புச்சத்துக்கு முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை எல்லாம் கொடுக்கலாம். வேர்க்கடலையைப் பொடித்தோ அரைத்தோ மட்டும் கொடுங்கள், முழுசாகக் கொடுத்தால் புரையேறி மூச்சுக்குழாயில் போய்விடும். அசைவம் சாப்பிடும் வீடென்றால் ஆட்டு ஈரலும் சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலும் நம் பாட்டிமார் சொன்னபடி உண்மையிலேயே நல்லவை. நன்றாக வேகவைத்து, வாரத்துக்கு ஒரு நாள் ஒரு சின்னத் துண்டு போதும். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய்த் துண்டோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் பிடிக்கும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் வாங்கிப் பயன்படுத்துங்கள். ஒரு காயை இரண்டு தடவை துப்பினாள் என்பதற்காக ‘இவளுக்குப் பிடிக்காது’ என்று முடிவு கட்ட வேண்டாம். பத்து தடவைக்கு மேல் தட்டில் பார்த்த பிறகு எடுத்துத் தின்னும் பிள்ளைகள் உண்டு.

போன் விஷயம். நிலாவைக் காட்டி ஊட்டவில்லையா, இதுவும் அதுதானே என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அதுவும் இதுவும் ஒன்றில்லை. நிலா காட்டும்போது நீங்கள் பேசுகிறீர்கள், அவள் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள், மென்று முடித்தாளா என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். போனில் கண் நிலைத்திருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. என்ன ருசி, வயிறு நிறைந்ததா எதுவும் அவளுக்குத் தெரிவதில்லை. கன்னத்தில் சோறு அப்படியே தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம், மெல்லவே மறந்துபோகிறாள். இரண்டு வயதுக்குள் வீடியோ காலைத் தவிரத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை பெரியவர் உடனிருக்க ஒரு மணி நேரத்துக்குள் என்பதுதான் இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு நிமிடம்கூட வேண்டாம். வீட்டில் மற்றவர்களும் அந்த நேரத்தில் போனைத் தூக்கி வைத்துவிட வேண்டும்.

போனை நிறுத்தினால் அடம் முதலில் கூடும். இது தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும். வேண்டும் என்பது அவளுக்குப் பலமாகத் தெரிகிறது, அதைச் சொல்ல வார்த்தை இல்லை, அடக்கிக்கொள்ளும் திறனும் மூளையில் இன்னும் வளரவில்லை. அவள் புரளும்போது சுவரிலும் கட்டில் முனையிலும் இடித்துக்கொள்ளாமல் தள்ளி, தலைக்கு ஒரு தலையணை வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்காருங்கள். ‘போன் வேணும்னு கோபம் வருது, தெரியுது. இப்ப இல்ல’ என்று ஒரு தடவை சொன்னால் போதும். நீளமாகப் பேசினால் அவள் காதில் ஏறாது. பத்து நிமிடம் அழுத பிறகு போனைக் கொடுத்தீர்கள் என்றால், பத்து நிமிடம் அழுதால் கிடைக்கும் என்று அவள் கற்றுக்கொள்வாள். அழுகை ஓய்ந்ததும் தூக்கி அணைத்துக்கொள்ளுங்கள். அழும்போது மூச்சடைத்து உதடு நீலமாகிறதா என்று கவனியுங்கள். ஆகிறதென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், உலுக்கவோ வாயில் தண்ணீர் ஊற்றவோ கூடாது. பிறகு டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு.

தொக்கம் வேண்டாம் அம்மா. மாமியார் பேத்தி மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாரக்கணக்கில் தொண்டையில் சோறு அடைத்திருந்தால் 800 மில்லி பால் எப்படி இறங்கும்? ஊதியும் தடவியும் ஏதோ ஒன்றை எடுத்ததாகக் காட்டுவார்கள். தொண்டைக்குள் விரலோ குழாயோ போனால் புண்ணாகும், கிருமியும் தொற்றும். திடீரென்று எச்சில் வழிந்து, விழுங்கவே முடியாமல் அழுகிறாள், அல்லது பொம்மையின் பட்டன் பேட்டரியைக் காணவில்லை என்றால் அது வேறு விஷயம். அரை மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். மாமியாருக்கு வேறு ஒரு வேலை கொடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து அவரும் சாப்பிடட்டும், கதை சொல்லட்டும். போனுக்குப் பதில் பாட்டி என்றால் அவருக்கும் மகிழ்ச்சிதான்.

பசி டானிக் வேண்டாம். மருந்துக் கடையில் அந்தப் பெயரில் தருவது பெரும்பாலும் தூக்கக் கலக்கத்தைப் பக்கவிளைவாகக் கொண்ட ஒவ்வாமை மருந்து. கொடுக்கும் வரை கொஞ்சம் சாப்பிடுவாள், நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். குடற்புழு மாத்திரை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், வைட்டமின் ஏ சொட்டு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் அங்கன்வாடியிலேயே கிடைக்கும். கடைசியாக எப்போது கொடுத்தது என்று அட்டையைப் பாருங்கள்.

இப்போது அந்த அடியைப் பற்றி. அழுதுகொண்டே உங்கள் காலைக் கட்டிக்கொண்டாள் என்று எழுதியிருந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அந்த வயதில் பயந்தாலும் ஓடிவர அவளுக்கு அம்மாவைத் தவிர வேறு இடம் இல்லை. உங்களிடம் வந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அவளுக்கு அப்படியே இருக்கிறது. அவளை மடியில் வைத்து, ‘அம்மா அடிச்சது தப்பு, வலிச்சிருக்கும்’ என்று சொல்லுங்கள். முழுசாகப் புரியாவிட்டாலும் குரலும் கையும் அவளுக்குப் புரியும். இனி கை ஓங்கத் தோன்றும்போது, அவளைப் பத்திரமான இடத்தில் உட்கார வைத்துவிட்டு, கண்ணில் படும் தூரத்தில் போய் முகம் கழுவுங்கள். இரண்டு நிமிடம் அவள் அழுதால் பரவாயில்லை.

ஒன்றரை மணி நேரம் ஊட்டல் ஒரு நாளைக்கு மூன்று முறை என்றால் நாலரை மணி நேரம். அதற்கப்புறம் நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள்? கடிதத்தில் அவள் அப்பாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இரவுச் சாப்பாட்டை அவர் பொறுப்பில் விடுங்கள், அவர் பாணியில் அவர் கொடுக்கட்டும், பக்கத்தில் நின்று திருத்த வேண்டாம். தூக்கமின்மையும் அழுகையும் எதிலும் பிடிப்பில்லாத மனநிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், உங்களுக்காகவே ஒரு டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

சீக்கிரம் நேரில் காட்ட வேண்டியவை சில உண்டு. எடை குறைவது, அல்லது மூன்று மாதமாகக் கொஞ்சமும் ஏறாமல் நிற்பது, விழுங்கும்போதெல்லாம் இருமுவது, ஓயாத வாந்தி, பேதி, இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சலோ இருமலோ, முக்கியமாக வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால். இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை என்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். பேச்சும் பழக்கமும் பற்றி நீங்கள் எதுவும் எழுதாததால் இதைக் கேட்கிறேன்.

எடையைத் தினமும் பார்க்க வேண்டாம். மாதம் ஒரு முறை, அங்கன்வாடியில் அதே தராசில், செருப்பைக் கழற்றிவிட்டு நிறுத்துப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை முடிவையும் மூன்று மாத எடையையும் அட்டையில் குறித்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.